சேந்தனார் திருவரலாறும் திருவாதிரைக் களியும்

முன்பனிக் காலத்து முதற்றிங்களாகிய மார்கழியில் திருவாதிரை நன்னாள் வருகின்றது. அந்நாளின் வைகறையில் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தே கூத்தப்பெருமானுக்குத் திருமுழுக்கு நிகழும். அதே வேளையில் சைவ இல்லங்களில் அடுப்பின்மேல் வெண்கலப் பானை ஏறும். அரிசியும் பருப்பும் வெல்லமும் நெய்யும் கூடிக் களியாகும். திருவாதிரைக்கு ஒருவாய்க் களியேனும் உண்ணல் வேண்டும் என்பது நம் மனைவழக்கு. இவ்வழக்கைக் கைவிடாது போற்றும் குடும்பங்கள் இன்றும் பல. ஆயின் இக்களியைப் பெருமானுக்கு முதற்கண் படைத்தவர் யாவர், அவர் எந்நிலையில் நின்று படைத்தார், பெருமான் அதனை ஏற்றதன் கருத்து யாது என்பவற்றைச் சிந்தித்து உண்பார் மிகச் சிலரே. களியின் சுவையை அறிந்த நாம் அதன் பின்னுள்ள அன்பின் சுவையையும் அறிதல் கடனாகும். ஆதலின் இத்திங்களில் சேந்தனார் திருவரலாற்றைச் சுருங்கக் கூறி, அதன்கண் அமைந்த சித்தாந்தப் பயனை ஆராயப் புகுகின்றோம்.

சேந்தனார் ஒன்பதாந் திருமுறை ஆசிரியர் ஒன்பதின்மருள் ஒருவர். இவர் வரலாறு பெரியபுராணத்துட் கூறப்படவில்லை. திருத்தொண்டத்தொகை அருளிய நம்பியாரூரர்க்கு இவர் பிற்பட்டவராதலின் என்க. பட்டினத்தடிகள் வரலாற்றோடு இயைந்து வழிவழியாக வழங்கிவரும் செய்திகளே இவர் வாழ்க்கையை நமக்கு அறிவிப்பன. பட்டினத்தடிகளிடம் கணக்கராயிருந்த சேந்தனாரும் திருப்பல்லாண்டு பாடிய சேந்தனாரும் ஒருவரோ இருவரோ என ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். நாம் ஈண்டு மரபில் வழங்கும் வரலாற்றை மரபாகவே கொண்டு கூறுகின்றோம். காலத்தையும் ஊரையும் பற்றிய வழக்கு எவ்வாறு முடியினும், அவ்வரலாறு உணர்த்தும் பொருளும் அவர் அருளிய பாடல்களும் குறைவுபடா.

கணக்கரும் கருவூலமும்

காவிரிப்பூம்பட்டினத்தில் பெருவணிகராய் விளங்கிய திருவெண்காடர்பால் சேந்தனார் கணக்கராக அமர்ந்திருந்தார். கடல் கடந்து வரும் பொருளும், கடைத்தெருவில் இயலும் பொருளும், கருவூலத்திற் குவியும் பொருளும் ஆகிய அனைத்தும் அவர் கைவழியே சென்றன. தமக்கென ஒன்றும் கொள்ளாது பிறர் பொருளைக் காத்தல் எளிதன்று. அவ்வரிய பணியை நேர்மையின் வழுவாது அவர் ஆற்றிவந்தார்.

திருவெண்காடர் காதற்ற ஊசி ஒன்றினால் உலகப் பொருளின் நிலையாமையை உணர்ந்து, ஒரு நொடியில் அனைத்தையும் துறந்து பட்டினத்தடிகளாயினார். துறந்த பொருளை என் செய்வது? அதனை வறியார்க்கும் வேண்டுவார்க்கும் வழங்கிவிடுமாறு சேந்தனாரைப் பணித்தார். சேந்தனார் கருவூலக் கதவைத் திறந்துவிட்டார். வந்தவரெல்லாம் வேண்டியவற்றை எடுத்துச் சென்றனர். உறவினர் இதனைப் பொறாது சோழ வேந்தனிடம் சென்று முறையிட்டனர். வேந்தன் கணக்கரை அழைத்துப் பொருள் எங்கே என வினவ, அவர் உள்ளவாறு கூறினார். அவன் நம்பாது அவரைச் சிறையிலிட்டான்.

சேந்தனாருடைய மனைவியாரும் மைந்தரும் ஆதரவின்றி அலைந்து, திருவெண்காட்டில் இருந்த அடிகளைக் கண்டு அடிவீழ்ந்து அழுதனர். துறவியாயினும் அடிகள் உள்ளம் கசிந்தது. தம் பணியைச் செய்ததன்றி வேறு பிழை அறியாத அன்பரின் துயரை அவர் இறைவன் திருமுன் விண்ணப்பித்தார். திருவருளால் தளை அறுந்தது; சேந்தனார் விடுதலை பெற்றார்.

ஈண்டு நாம் ஒன்று கருதற்பாலது. ஒரே கருவூலத்தின் முன் இருவர் நின்றனர். பொருளுக்கு உடையவர் துறவு நெறிக்கண் சென்றார். அதன் திறவுகோலை ஏந்தியவர் மனையறத்தை விடாது நின்றார். இறைவன் இருவரையும் ஆட்கொண்டான். வீட்டையும் மக்களையும் விட்டவர்க்கே பேறு உண்டு எனின், உலகத்துப் பெரும்பாலார்க்கு நெறியே இல்லை என்பது படும். அங்ஙனம் அன்று என்பதற்குச் சேந்தனார் வாழ்க்கையே சான்று.

விறகும் விருந்தும்

விடுதலை பெற்ற சேந்தனார் குடும்பத்தோடு தில்லையை அடைந்தார். எழுத்தாணி பிடித்த கை கோடரி பிடித்தது. நாடோறும் காடு சென்று விறகு வெட்டிச் சுமந்து வந்து விற்று, வந்த சிறு பொருளால் அரிசி முதலியன வாங்கினார். நாளொன்றுக்கு ஒரு சிவனடியாரையேனும் அமுது செய்வித்த பின்னரே தாமும் மனைவி மக்களும் உண்பது என்பது அவர் கொண்ட நோன்பு. வறுமையுற்ற பின் கொண்ட நோன்பு இது என்பதை மறத்தல் ஆகாது. செல்வர்க்கு விருந்தோம்பல் செல்வத்தின் ஒரு சிறு பகுதியைச் செலவிடுதலாம். சேந்தனார்க்கோ அன்றைய உணவு முழுவதனையும் விருந்தினர்முன் வைத்து, எஞ்சியதைத் தாம் கொள்வதாம். அவர் ஒருவர் மட்டும் கொண்டதன்று அந்நோன்பு. பசித்த மைந்தரைப் பொறுக்கச் செய்து அடுப்பருகே காத்திருந்த மனைவியாரும் அதில் சரிபாதி உடையவர்.

ஒருநாள் பெருமழை பெய்தது. விறகு நனைந்தது, நனைந்த விறகை வாங்குவார் இலர். அரிசி வாங்கப் பொருள் இல்லை. மனையில் இருந்த மாவைக் கிண்டிக் களியாக்கினர். அடியார் ஒருவரை எதிர்நோக்கி வாயிலில் நின்றனர். மழையில் யார் வருவார்? பொழுது சென்றது. ஈற்றில் முதிய அடியார் ஒருவர் நனைந்த மேனியராய் வந்தார். அன்பர் அவரை எதிர்கொண்டு இருக்கை அளித்துக் களியைப் படைத்தனர். அவர் மகிழ்ந்து உண்டு, எஞ்சியதையும் அடுத்த வேளைக்கு வேண்டுமெனக் கேட்டுப் பெற்றுச் சென்றார். தமக்கென ஒரு பிடியும் வையாது சேந்தனார் கொடுத்தார் என்பது வழக்கு.

மறுநாள் வைகறையில் தில்லைவாழந்தணர் பொன்னம்பலத்தின் திருக்கதவம் திறந்தபோது, பெருமான் திருமுன்னர்க் களி சிதறிக்கிடக்கக் கண்டு திகைத்தனர். அரசன் நாடோறும் தன் வழிபாட்டின் முடிவிற் கேட்கும் சிலம்பொலி அவ்விரவு கேட்கவில்லை. தன் பூசையில் யாது குறை நேர்ந்ததோ என அவன் வருந்தித் துயில, சேந்தன் இல்லத்துக் களியுண்ணச் சென்றமையைக் கூத்தன் கனவில் உணர்த்தினான். இவ்வரசர் சிவஞானச் செல்வராகிய கண்டராதித்த சோழர் என மரபு கூறும். அவரும் ஒன்பதாந் திருமுறையில் கோயிற் பதிகம் பாடிய ஆசிரியரே. அரண்மனைப் பூசையும் குடிசைக் களியும் ஒரே இரவில் பெருமான் முன் நின்றன. அவன் குடிசைக்கு எழுந்தருளினான். ஆயினும் அரசனை அவன் ஒதுக்கவில்லை. உண்மையன்பு இருக்குமிடத்தை அவனுக்கும் காட்டியருளினான்.

ஓடாத் தேரும் பல்லாண்டும்

மார்கழி விழாவின் தேர்நாள் வந்தது. கூத்தப்பெருமானின் மூலத்திருமேனியே கருவறையினின்றும் எழுந்தருளித் தேரேறும் சிறப்புத் தில்லைக்கு உரியது. மழையால் வீதி சேறாகித் தேர் அழுந்தி நின்றது. அரசனும் அந்தணரும் ஊராரும் கூடி இழுத்தும் அசையவில்லை. அப்போது சேந்தனைப் பல்லாண்டு பாடப் பணிக்கும் அருள்வாக்கு விசும்பில் எழுந்தது. கூட்டத்தின் ஓரத்தே நின்ற விறகுவெட்டியார் திகைத்தார். ஏடெடுத்துப் பாவலராய்த் திரிந்தவர் அல்லர். ஆயினும் பணித்தவனே பாடலையும் தந்தான். அவர் பதின்மூன்று பாடல்களால் பெருமானைப் பல்லாண்டு வாழ்த்தினார். தேர் நகர்ந்து நிலையை அடைந்தது. அரசன் தான் தேடிய சேந்தனார் இவரென அறிந்து அடிபணிந்தான்.

அந்தத் திருப்பல்லாண்டு இன்றும் நம்மிடை உள்ளது. அதனுள் ஆதிரை நன்னாளில் தில்லைக்கு வந்த தேவர் குழாத்தை வினாவி எண்ணும் பாடல் ஒன்றுண்டு. ஆகவே இந்நாளின் விழா அவர் காலத்தே சிறப்புற நிகழ்ந்தமை அவர் வாக்காலேயே துணியப்படும். அவர்க்கு முன்னரே திருஞானசம்பந்தப்பெருமான் மயிலைத் திருப்பதிகத்தில் ஆதிரை நாளை எண்ணியருளினார். திருநாவுக்கரசர் திருவாரூர் ஆதிரைநாட் சிறப்பை ஒரு பதிகமாகவே பாடியருளினார். பாலுக்கு அழுத உபமன்யுவாகிய குழவிக்குப் பாற்கடலையே பெருமான் ஈந்தமையையும் திருப்பல்லாண்டு பாடுகின்றது. பாற்கடல் ஈந்தவன் தம் குடிசையிற் களி கேட்டமையை உடன்வைத்து எண்ணும்போது, அப்பாடலைப் பாடியவர் உள்ளம் எங்ஙனம் உருகியிருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

தில்லையினின்றும் சேந்தனார் வேறு தலங்களையும் வழிபட்டார். திருவீழிமிழலை, திருவாவடுதுறை, திருவிடைக்கழி என்னும் மூன்று தலங்களுக்கும் அவர் அருளிய திருவிசைப்பாக்கள் உள்ளன. திருப்பல்லாண்டோடு கூட அவர் பாடியன 47 பாடல்கள். ஒன்பதாந் திருமுறையின் மொத்தம் 301. திருவீழிமிழலை, பஞ்சக் காலத்தில் சம்பந்தரும் அப்பரும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்த தலம். அடியார் பசி தீர்த்தலையே வாழ்வாகக் கொண்ட சேந்தனார் அங்கே பாடியது பொருத்தமுடைத்து. திருவிடைக்கழிப் பதிகம் முருகப்பெருமான்மேல் அகத்துறையில் அமைந்தது. ஒன்பதாந் திருமுறையுள் முருகன்மேல் உள்ள பதிகம் அஃதொன்றே. அத்தலத்திலேயே தைப்பூச நாளில் அவர் சிவனடி சேர்ந்தார் என்பர். மார்கழி ஆதிரையிற் களி, தைப்பூசத்தில் வீடு. இவ்வாறு முன்பனிக் காலத்து இருதிங்களும் அவர் நினைவுக்கு உரியவாயின.

வேண்டாதவனுக்கு ஈந்த இரண்டு

இனி இவ்வரலாற்றின் உட்பொருளை நோக்குவாம். சேந்தனார் இறைவனுக்கு அளித்தவை இரண்டு: ஒன்று களி, மற்றொன்று பல்லாண்டு. ஆராயுங்கால் இவ்விரண்டும் இறைவனுக்கு வேண்டாதன. பசித்தல் என்பது உடம்புடைய உயிர்க்கு. பதிப்பொருளுக்குப் பசி இல்லை. ஆண்டு என்பது பிறந்து இறக்கும் பொருளுக்கு. தோற்றமும் ஈறும் இல்லாதானுக்கு ஆண்டுக்கணக்கு இல்லை. அங்ஙனமாக, பசியாதானுக்கு உணவும் மூவாதானுக்கு ஆயுளும் வழங்குதல் அறியாமை ஆகாதோ எனின், ஆகாது என்பதே சைவ சித்தாந்தத்தின் விடை.

தாய் தன் மகனை நூறாண்டு வாழ்க என வாழ்த்துகின்றாள். அவ்வாழ்த்தால் ஆண்டு கூடுமோ என்று அவள் கணக்கிடுவதில்லை. அன்பு நிறைந்தவிடத்துக் கணக்கு ஒழிகின்றது. கணக்கராக வாழ்க்கையைத் தொடங்கியவர், கணக்கற்ற அன்பினிடத்துச் சென்று முடிந்தார் என்பதே சேந்தனார் வரலாற்றின் சாரம். இறைவன் ஏற்பது தன் குறை நிரம்புதற்கன்று. கொடுக்கும் உயிரின் குறை நீங்குதற்கே. உயிரைப் பிணித்த ஆணவம் யான் எனது என நின்று எல்லாவற்றையும் தன்னை நோக்கி இழுக்கும் இயல்பினது. தனக்கு இன்றியமையாத உணவையே பிறர்முன் வைக்குங்கால் அவ்விழுப்பு தளர்கின்றது. பெருமான் எஞ்சிய களியையும் கேட்டுப் பெற்றது இதனாலேயாம்: எனது என்பதற்கு ஒரு பிடியும் அங்கே மிஞ்சலாகாது.

மலம் நீங்கிய மெய்யுணர்ந்தோர் அன்பரொடு மருவி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவன் எனவே கண்டு தொழுவர் எனச் சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் முடிக்கின்றது. நூலின் முடிந்த முடிபு அது. சேந்தனார் குடிசையில் நாடோறும் நிகழ்ந்ததும் அதுவே. வந்தவர் கூத்தன் என்பதை அவர் அறிந்து களி படைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வந்த ஒவ்வோர் அடியாரையும் அவ்வாறே ஓம்பினார். ஆதலின் அவனே வந்த நாளிலும் அவருக்குப் புதிதாகச் செய்யத்தக்கது ஒன்றும் இல்லையாயிற்று.

இன்னும் ஒன்று. அத்தில்லையிலேயே பிற்காலத்து உமாபதிசிவாசாரியார் மடத்துக்கு விறகு கொணர்ந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை அளிக்குமாறு பெருமான் ஓலை விடுத்தான் என்னும் வரலாறும் வழங்குகின்றது. விறகு சுமக்கும் தோளை இருமுறை தேடிவந்த கூத்தனை வழிபடும் நாம், குலமும் தொழிலும் நோக்கி விருந்தினரை அளப்போமாயின் அது சைவம் ஆகாது.

மனையில் திருவாதிரை

இத்தகைய அன்பின் நினைவாகவே நம் இல்லங்களில் ஆதிரை நோன்பு நிகழ்கின்றது. நோன்புக்கு முந்தைய ஒன்பது நாளும் விடியலில் திருவெம்பாவை ஓதுவது வழக்கம். யாழ்ப்பாணத்தில் அந்நாட்களில் பனி நீங்காப் பொழுதிலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கச் சிறுவர் முதலாயினார் வீதிதோறும் சென்று ஊரை எழுப்பும் மரபு உண்டு. ஆதிரை நாளில் வீட்டார் இருள் புலருமுன் நீராடித் திருநீறணிந்து, வாயிலிற் கோலமிட்டு, விளக்கேற்றுவர். மகளிர் உண்ணாநோன்பு இருப்பர். சில குடும்பங்களில் மங்கல நாணுக்குப் புதுச்சரடு மாற்றுவர்.

பச்சரிசியைப் பொன்னிறம் பெற வறுத்து ரவையாக உடைப்பர். பாசிப்பருப்பையும் வறுத்து வேகவைப்பர். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, அதில் உடைத்த அரிசியைத் தூவிக் கட்டிபடாது கிளறி, தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலமும் சேர்த்து இறக்குவர். உடன் படைக்கும் கூட்டுக்கு அக்காலத்து விளையும் பரங்கி, பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு முதலிய ஏழு காய் சேர்ப்பர். திருநெல்வேலிப் பக்கத்தார் இதனைத் தாளகம் என்பர். பாட்டி வறுக்க, தாய் கிளற, சிறுவர் காய் அரியவும் தேங்காய் துருவவும் துணைநிற்க, தந்தை திருமுறை ஓத, வீடு முழுவதும் ஒரு பூசையில் ஈடுபடும் நாள் இது. பிள்ளைகட்குச் சமயம் நூலால் மட்டும் புகுவதன்று. வறுத்த அரிசியின் மணத்தோடும் விடியற்காலத்துப் பாட்டோடும் புகுந்தது நெடுநாள் நிற்கும்.

ஆயினும் நாம் வருத்தத்தோடு கூறவேண்டுவது ஒன்றுண்டு. களி நிலைத்தது, களிக்கு உயிராயிருந்த நோன்பு தளர்ந்தது. நெய்யும் முந்திரியும் மிக்கன. வாயிலில் நின்று அடியாரை எதிர்நோக்குதல் அருகிற்று. படையலிட்டுக் கதவடைத்து நாமே உண்டு முடிக்கின்றோம். சேந்தனார் இல்லத்தில் நெய் இருந்ததாக வரலாறு கூறவில்லை, காத்திருத்தல் இருந்தது. அக்காத்திருத்தல் இன்றிச் செய்யப்படும் களி இனிய பண்டமாகும். சேந்தனார் களி ஆகாது.

ஆதலின் அன்பர்கள் இவ்வாண்டு ஆதிரையில் மூன்று செய்யுமாறு வேண்டுகின்றோம். களியிறக்கியவுடன் வீட்டார் எல்லாரும் கூடித் திருப்பல்லாண்டு பதின்மூன்று பாடலையும் ஓதுக. சிறுவரும் உடன் ஓதத்தக்க எளிய இனிய பாடல்கள் அவை. இரண்டாவதாக, நாம் உண்ணுமுன் சிவனடியார் ஒருவரையேனும், அவர் வாயாதவிடத்துப் பசித்தார் ஒருவரையேனும் அழைத்து, இலையிட்டு அமர்த்தி, முதற் களியை அவர்க்குப் படைக்க. வாயிலிலேயே கையில் இட்டு அனுப்புதல் விருந்தன்று. மூன்றாவதாக, உண்ணும்போது சேந்தனார் கதையை வீட்டு முதியோர் பிள்ளைகட்குச் சொல்லுக. இம்மூன்றுக்கும் பெரும் பொருட்செலவு இல்லை. வறிய இல்லத்தாரும் செய்யத்தக்கன. நெய்யில்லாக் களியும் மழைநாட் களியுமே பெருமான் உண்டவை என்பதை அவர்கள் எண்ணி உளங்குளிர்க.

திருக்கோயில்களில் பூசைமுடிவில் பஞ்சபுராணம் ஓதுங்கால் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என ஐந்து எண்ணப்படுகின்றன. மூவர் முதலிகளின் தேவாரம் ஓரிடம் பெற, சிறையிருந்து விறகு சுமந்த ஓர் இல்லறத்தாரின் பதின்மூன்று பாடல்கள் தனியே ஓரிடம் பெற்றுள்ளன. தமக்கு வேண்டியதைக் கேளாது, இறைவனை வாழ்த்துதல் ஒன்றையே செய்த வாக்கிற்குச் சைவவுலகம் அளித்த இடம் அது. அவ்வாக்கு நம் மனைகளிலும் ஒலிக்க. அவர் களி நம் வாயில் வருவார்க்கும் ஆகுக. தில்லைக்கூத்தன் திருவருள் யாவர்க்கும் பெருகுக.

திருச்சிற்றம்பலம்.